வெள்ளைப்படுதல், கவுச்சி வாடை, அரிப்பு: யோனிக்குள் வாழும் நுண்ணுயிர்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகப்பேறு மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் மைக்ரோஸ்கோப்பில் ஸ்லைடு பார்ப்பது என் வேலை. ரிப்போர்ட் வாங்க வரும் பெண்கள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சில கேள்விகள் கேட்பார்கள். டாக்டரிடம் கேட்க மறந்தவை, கேட்கக் கூச்சப்பட்டவை. அவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மருந்துகளின் பெயர்களும் வரும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு நேராக மருந்துக் கடைக்குப் போய்விடாதீர்கள்.

ரிப்போர்ட்டில் "லாக்டோபேசில்லஸ் காணப்பட்டது" என்று போட்டிருக்கிறது. எனக்குக் கிருமித் தொற்றா?

இல்லை, அது நல்ல செய்தி. லாக்டோபேசில்லஸ் என்பது குச்சி வடிவ பாக்டீரியா. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பல பெண்களின் யோனிக்குள் பெரும்பான்மையாக இருப்பது அதுதான். 1892-ல் ஜெர்மனியின் ஆல்பர்ட் டோடர்லைன் என்ற மகப்பேறு மருத்துவர், பிரசவக் காய்ச்சலுக்குக் காரணம் தேடிப் போனபோது இதை விவரித்தார். பழைய ஆட்கள் இன்றைக்கும் "டோடர்லைன் பேசில்லஸ்" என்றே சொல்வார்கள்.

குடலிலும் இப்படிப் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது பலருக்குத் தெரியும். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குடலில் எத்தனை வகை கலந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பார்கள். யோனியில் அநேகமாகத் தலைகீழ்: லாக்டோபேசில்லஸ் ஒன்றே ஆட்சி செய்தால் அமைதி, பல வகைகள் கூடினால் தொல்லை.

அது உள்ளே என்னதான் செய்கிறது?

புளிக்க வைக்கிறது. இட்லி மாவில் நடப்பதும் பாலைத் தயிராக்குவதும் இதே வகை வேலைதான்.

ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் இருக்கும் காலத்தில் யோனிச் சுவரின் செல்களில் கிளைகோஜன் என்ற மாவுச்சத்து சேர்கிறது. அந்தச் செல்கள் தொடர்ந்து உதிர்கின்றன. எச்சிலில் இருக்கும் அமைலேஸ் போன்ற ஒரு நொதி அந்த மாவுச்சத்தைச் சின்னச் சின்னச் சர்க்கரையாக உடைக்கிறது. லாக்டோபேசில்லஸ் அதைத் தின்று லாக்டிக் அமிலத்தை வெளியே விடுகிறது. அதனால் உள்ளே புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 3.8-க்கும் 4.5-க்கும் இடையில் நிற்கிறது. ஏறக்குறைய தக்காளியின் புளிப்பு. இந்தப் புளிப்பில் பெரும்பாலான கெட்ட பாக்டீரியாக்களால் பெருக முடியாது.

பூப்பெய்தாத சிறுமிகளுக்கும் மாதவிடாய் நின்றவர்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவு. மாவுச்சத்து இல்லை, அதனால் புளிப்பும் இல்லை. மாதவிடாய் ரத்தம் இந்தப் புளிப்பைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்கும். விந்து காரத்தன்மை கொண்டது என்பதால் அதுவும் சில மணி நேரத்துக்குக் குறைக்கும். நல்ல பாக்டீரியாக் கூட்டம் உள்ளே இருந்தால் சீக்கிரமே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடும்.

எல்லாப் பெண்களுக்கும் ஒரே கூட்டம்தானா?

இல்லை. 2011-ல் அமெரிக்காவில் ஜாக் ராவெல் குழுவினர் 396 பெண்களின் மாதிரிகளை மரபணு முறையில் ஆராய்ந்து, ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நான்கு வகைகளில் ஏதாவது ஒரு லாக்டோபேசில்லஸ் இனம் மேலோங்கியிருந்தது: கிரிஸ்பேட்டஸ், காசெரி, இனெர்ஸ், ஜென்செனி. ஐந்தாவதில் லாக்டோபேசில்லஸ் குறைவு, மற்றவை பலதும் கலந்து கிடந்தன. இந்தக் கலவை வகை வெள்ளை இனப் பெண்களில் பத்தில் ஒருவருக்கும், கறுப்பினப் பெண்களிலும் ஹிஸ்பானியப் பெண்களிலும் பத்தில் கிட்டத்தட்ட நான்கு பேருக்கும் இருந்தது. ஆசியப் பெண்கள் இடையில், ஐந்தில் ஒருவர். முக்கியமான விஷயம், இந்தப் பெண்கள் யாருக்கும் தொந்தரவு எதுவும் இல்லை. ஆகவே லாக்டோபேசில்லஸ் குறைவு என்பதாலேயே ஒருத்தியை நோயாளி என்று சொல்லிவிட முடியாது.

பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் பல்கலைக்கழகம் 2020-ல் "இசாலா" என்று ஒரு திட்டம் தொடங்கியது. அந்த நாட்டின் முதல் பெண் மருத்துவரின் பெயர் அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் தாங்களே மாதிரி எடுத்து அனுப்பினார்கள். அவர்களில் நூற்றுக்கு 43 பேரிடம் மேலோங்கி இருந்தது கிரிஸ்பேட்டஸ்.

கிரிஸ்பேட்டஸ்தான் இந்தக் கூட்டத்தில் நம்பகமான ஆள். இனெர்ஸ் கொஞ்சம் இரண்டுங்கெட்டான். நல்ல நாளிலும் இருக்கும், தொற்று வந்த பிறகும் கூசாமல் அங்கேயே இருக்கும். கிரிஸ்பேட்டஸ் உருவாக்கும் இரண்டு வகை லாக்டிக் அமிலத்தில் ஒன்றை இனெர்ஸால் உருவாக்க முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 32 பெண்களிடம் 16 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வு 2012-ல் வந்தது. சிலரிடம் கூட்டம் அப்படியே இருந்தது. சிலரிடம் சில நாட்களுக்குள் ஆட்சியே மாறி, பிறகு தானாகவே திரும்பியது. எந்தத் தொந்தரவும் இல்லாத ஒருத்தி வெளிநாட்டு இணையதளத்துக்குக் காசு கட்டி மைக்ரோபயோம் டெஸ்ட் (உள்ளே வாழும் நுண்ணுயிர்க் கூட்டத்தைப் பார்க்கும் சோதனை) எடுத்து, ஒரே ஒரு நாளின் நிலவரத்தைப் பார்த்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எனக்கு தினமும் கொஞ்சம் வெள்ளைப்படுகிறது. எலும்பு உருகி வருகிறது என்று மாமியார் சொல்கிறார். உண்மையா?

எலும்பு உருகி அந்த வழியாக வர வாய்ப்பே இல்லை. வருவது கர்ப்பப்பை வாயின் சளி, உதிர்ந்த செல்கள், சுவரில் கசியும் நீர், பாக்டீரியா. இவ்வளவுதான். தெளிவாகவோ பால் நிறத்திலோ, எரிச்சல், அரிப்பு, கெட்ட வாடை எதுவும் இல்லாமல் வந்தால் அது இயல்பு. மாதத்தின் நடுவில் முட்டை வெளிப்படும் சமயத்தில் முட்டை வெள்ளைக்கரு மாதிரி இழுபடும். கர்ப்ப காலத்தில் அதிகமாகும். காய்ந்தால் உள்ளாடையில் மஞ்சளாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறி வருபவர்கள் ஏராளம்.

"உடம்பு சூடு, வெட்டை" என்று சொல்வதும் நம் ஊரில் மட்டும் இல்லை. கோவாவில் சுமார் 2,500 பெண்களிடம் நடத்தி 2005-ல் வெளியான ஓர் ஆய்வில், வெள்ளைப்படுவதாகச் சொன்னவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் உடல்சூட்டைத்தான் காரணமாகச் சொன்னார். அதே அளவுக்கு மனக்கவலையைக் காரணம் சொன்னவர்களும் இருந்தார்கள். ஆய்வின் முடிவும் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது: வெள்ளைப்படுதல் புகாருக்கும் தொற்றுக்கும் இருந்த தொடர்பைவிட, அந்தப் பெண்களின் மன உளைச்சலுக்கும் புகாருக்கும் இருந்த தொடர்பு பலமாக இருந்தது. களைப்பு, இடுப்பு வலி, தூக்கமின்மை எல்லாவற்றையும் "வெள்ளைப்படுது டாக்டர்" என்ற ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அப்படி வருபவருக்கு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தால், இல்லாத நோய் தீராது. இருக்கிற நல்ல பாக்டீரியா போய்விடும். ஹீமோகுளோபின் பார்ப்பதும், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்பதும் பல சமயம் அதிகம் உதவும்.

மீன் கவுச்சி மாதிரி வாடை வருகிறது. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுகிறேன், இன்னும் அதிகமாகிறது. ஏன்?

என்னிடம் வரும் கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இது. பதில் நம் அடுப்படியிலேயே இருக்கிறது.

மீன் கழுவும்போது புளித்தண்ணீரோ எலுமிச்சைச் சாறோ ஊற்றுகிறோம், கவுச்சி அடங்குகிறது. காரணம், மீன் வாடையைத் தருவது டிரைமெத்திலமின் என்ற பொருள். மீன் செத்த பிறகு பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. புளிப்பு பட்டால் அது உப்பாக மாறித் தண்ணீரிலேயே தங்கிவிடும், காற்றில் கிளம்பாது. காரம் பட்டால் மறுபடி விடுபட்டு மூக்கில் ஏறும். மிளகாய்க் காரத்தைச் சொல்லவில்லை. சோப்பு, சாம்பல், சுண்ணாம்பு ஆகியவற்றில் இருக்கும் காரம்.

லாக்டோபேசில்லஸ் குறைந்து மற்ற பாக்டீரியாக்கள் பெருகினால், அவை உள்ளே அதே டிரைமெத்திலமினை உண்டாக்குகின்றன. ஒப்புமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அதே பொருள்தான். இப்போது அதன்மேல் சோப்பைப் போட்டால் என்ன ஆகும்? குளியல் சோப்பின் பி.எச். 9, 10 இருக்கும். புளிப்பு போய் வாடை கிளம்பும். உறவுக்குப் பிறகு வாடை அதிகமாவதும் இதனால்தான், விந்து காரம். மாதவிடாய் சமயத்திலும் அப்படியே. ஆய்வகத்திலும் நாங்கள் இதையே செய்து பார்ப்போம்: ஸ்லைடில் எடுத்த திரவத்தில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விடுவோம். கவுச்சி கிளம்பினால் சோதனை பாசிட்டிவ்.

வாடையை அழுக்கு என்று நினைத்து ஒரு நாளைக்கு நான்கு முறை கழுவிக்கொண்டு, கணவர் பக்கத்தில் படுக்கவே கூசிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். அழுக்கே இல்லை அம்மா அது. புளிப்பு குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த நோய்க்கு என்ன பெயர்?

பாக்டீரியல் வெஜைனோசிஸ், சுருக்கமாக பி.வி. உலகம் முழுவதும் எடுத்த கணக்குகளைச் சேர்த்துப் பார்த்தால், குழந்தை பெறும் வயதுப் பெண்களில் பகுதிக்குப் பகுதி நூற்றுக்கு 23 முதல் 29 பேருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

இதற்கு ஒரே ஒரு கிருமியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த முடியவில்லை. 1955-ல் அமெரிக்காவில் ஹெர்மன் கார்ட்னரும் சார்லஸ் டியூக்ஸும் ஒரு பாக்டீரியாவைக் கண்டுபிடித்து, இதுதான் காரணம் என்றார்கள். பின்னாளில் அதற்கு கார்ட்னரெல்லா என்றே பெயர் வந்தது. ஆனால் அவர்கள் தனியாக வளர்த்த பாக்டீரியாவை 13 பெண்களின் யோனியில் வைத்துப் பார்த்தபோது ஒருவருக்குத்தான் நோய் வந்தது. நோயுற்ற பெண்ணின் யோனித் திரவத்தை அப்படியே 15 பேருக்கு வைத்தபோது 11 பேருக்கு வந்தது. (இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் இப்படி ஒரு சோதனையை அனுமதிக்காது. படிக்கும்போதே வயிற்றைப் பிசையும்.) தனி ஆளால் முடியவில்லை, கூட்டத்தால் முடிந்தது. கார்ட்னரெல்லா சுவரில் பிசின் மாதிரி ஒரு படலம் போட, அதன்மேல் பிரிவோட்டெல்லா, ஃபேன்னிஹெஸ்ஸியா போன்றவை வந்து குடியேறுகின்றன.

மைக்ரோஸ்கோப்பில் இது அழகாகவே தெரியும், அழகு என்று சொல்லலாம் என்றால். யோனிச் செல் சாதாரணமாக அப்பளம் மாதிரி ஓரம் தெளிவாக இருக்கும். பி.வி. வந்தால் ரவையில் புரட்டிய மீன் துண்டு போல முழுக்கப் பாக்டீரியா ஒட்டி, ஓரம் மங்கிவிடும். அதற்கு க்ளூ செல் என்று பெயர். மெல்லிய, ஒரே சீரான சாம்பல் வெள்ளைத் திரவம், பி.எச். 4.5-க்கு மேல், கவுச்சிச் சோதனை, க்ளூ செல் ஆகிய நான்கில் மூன்று இருந்தால் பி.வி. என்று முடிவு செய்வது 1983-லிருந்து இருக்கும் வழக்கம். பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

எனக்கு வாடை இல்லை, அரிப்புதான் உயிர் போகிறது.

அப்படியானால் பெரும்பாலும் ஈஸ்ட், அதாவது கேண்டிடா என்ற பூஞ்சை. தயிர்க்கட்டி மாதிரியோ பனீர்த் துருவல் மாதிரியோ கெட்டியாக வெள்ளைப்படும். தோல் சிவந்து, சிறுநீர் கழிக்கும்போது வெளியில் எரியும். நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது வரும்.

இங்கே ஒரு முரண் உண்டு. ஈஸ்டுக்குப் புளிப்பு பிரச்சினையே இல்லை. லாக்டோபேசில்லஸ் நிறைந்து, பி.எச். சரியாக இருக்கும் இடத்திலும் அது வளரும். அதனால் "புளிப்பைக் கூட்டினால் எல்லாத் தொற்றும் போய்விடும்" என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம்.

அடிக்கடி வந்தால் முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை நோய் இருப்பதே இப்படித் தெரிய வந்த பெண்கள் உண்டு. ஏற்கெனவே சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் சீட்டை எடுத்துப் பாருங்கள்: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்று இருந்தால், அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மாத்திரைகள். அந்த இடத்தில் சர்க்கரை ஈரம் இருந்துகொண்டே இருப்பதால் ஈஸ்டுக்குக் கொண்டாட்டம். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மாத்திரைதான், நீங்களாக நிறுத்தாதீர்கள். ஆனால் டாக்டரிடம் சொல்லுங்கள். சளி, காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்ட அடுத்த வாரம் அரிப்பு வருவதும் மிகச் சாதாரணம். ஸ்டீராய்டு, கர்ப்பம் ஆகியவையும் காரணமாகலாம்.

மூன்றாவதாக ஏதோ ட்ரைக்கோ என்றார்களே?

ட்ரைக்கோமோனஸ். வாலை ஆட்டிக்கொண்டு நீந்தும் ஒரு செல் உயிரி. இது உறவின் வழியாகப் பரவும் பால்வினைத் தொற்று. பச்சை மஞ்சளாக, சில சமயம் நுரையோடு படும். கணவருக்கும் சேர்த்துத்தான் மருந்து. அவருக்கு அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும்.

மருந்துக் கடையில் ஒரு கிட் கொடுத்தார்கள், எல்லாவற்றுக்கும் சேர்த்து. வாங்கிச் சாப்பிடலாமா?

ஆய்வக வசதி இல்லாத இடங்களுக்காக அரசுத் திட்டத்திலேயே இப்படி ஒன்று உண்டு. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் பச்சை நிறப் பை: பி.வி.க்கும் ட்ரைக்கோமோனஸுக்கும் செக்னிடசோல் 2 கிராம், ஈஸ்டுக்கு ஃப்ளுகோனசோல் 150 மில்லிகிராம். பரிசோதனைக்கு வழியில்லாமல் ஒரு பெண் திரும்பிப் போவதைவிட அது மேல். ஆனால் பயிற்சி பெற்ற ஒருவர் கேள்வி கேட்டு, பார்த்துக் கொடுப்பதும், கடைக்காரர் தாளில் சுற்றிக் கொடுப்பதும் ஒன்றல்ல.

ஈஸ்ட் என்று நினைத்துத் தானே க்ளோட்ரிமசோல் என்ற பூஞ்சை மருந்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பெண்களில் பலருக்கு இருப்பது வேறு. ஸ்லைடைப் போட்டால் பி.வி. தெரியும், அல்லது ஒன்றுமே தெரியாது. சானிடரி நாப்கின் ஒவ்வாமையாகவோ தோல் நோயாகவோ இருக்கும். ஆய்வகத்தில் பத்து நிமிட வேலை இது. செலவும் அந்தக் கிட்டின் விலைக்குப் பக்கம்தான்.

மாத்திரை சாப்பிட்டதும் சரியாகிறது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்துவிடுகிறது. என் மீதுதான் தவறா?

இல்லை. பி.வி.க்கு வழக்கமான மருந்து மெட்ரோனிடசோல், ஏழு நாள்; வயிற்றுப்போக்குக்குத் தருவார்களே, அதே மருந்து. வாயெல்லாம் இரும்புச் சுவை அடிக்கும். அல்லது க்ளிண்டமைசின் க்ரீம். (அந்த க்ரீம் ஆணுறையைப் பலவீனமாக்கும் என்பதைப் பலர் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.) மருந்து முடித்தபின் ஒரு வருடத்துக்குள் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வருகிறது. பிசின் படலம் முழுசாகக் கரைவதில்லை என்பது ஒரு காரணம். கெட்டவை செத்த இடத்தில் கிரிஸ்பேட்டஸ் வந்து குடியேறாமல் இனெர்ஸ் வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொன்று.

மூன்றாவது காரணம் இப்போதுதான் நன்றாக வெளிச்சத்துக்கு வந்திருக்கிறது: கணவர். இந்த பாக்டீரியாக்கள் ஆண்குறியின் தோலிலும் சிறுநீர்ப் பாதையிலும் தங்குகின்றன. ஆணுக்குத் தொந்தரவு தராது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நிலையான உறவில் இருக்கும் 164 ஜோடிகளை எடுத்து, இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியில் பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தார்கள். மறு பகுதியில் ஆணுக்கும் ஏழு நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை, கூடவே ஆண்குறியில் தடவ க்ளிண்டமைசின் க்ரீம். பன்னிரண்டு வாரத்துக்குள் நோய் திரும்பியது, பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்த பகுதியில் நூற்றுக்கு 63 பேருக்கு. இருவருக்கும் தந்த பகுதியில் 35 பேருக்கு. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் வெளியானது. முன்பு ஆண்களுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் தோற்றிருந்தன. க்ரீமையும் சேர்த்ததுதான் இதில் புதுசு.

உங்கள் டாக்டர் பழைய வழக்கப்படி "கணவருக்கு வேண்டாம்" என்று சொன்னால், திரும்பத் திரும்ப வருகிறது என்பதைச் சொல்லி, இந்த ஆய்வைப் பற்றிக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை.

அப்படியென்றால் கணவருக்கு வேறு தொடர்பு இருக்கிறது என்று அர்த்தமா?

இல்லை. நாற்பது வருடம் ஒருவரோடு மட்டும் வாழ்ந்தவர்களுக்கும் பி.வி. வரும். உறவே இல்லாதவர்களிடமும் சில சமயம் பார்க்கிறோம். இருவருக்கும் நடுவில் பாக்டீரியா போய் வருகிறது என்பதிலிருந்து யாருடைய நடத்தையையும் கண்டுபிடிக்க முடியாது. ட்ரைக்கோமோனஸ் கதை வேறு. ஆனால் அதுவும் மாதக்கணக்கில், சில சமயம் அதற்கும் மேலாகச் சத்தமில்லாமல் உள்ளே இருந்து பிறகு வெளிப்படலாம். ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் பஞ்சாயத்து கூட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

தயிர் சாப்பிட்டால் போதுமா? தடவலாமா?

சாப்பிடுங்கள், நல்லதுதான். ஆனால் தயிரில் இருப்பவை பாலில் வாழப் பழகியவை, யோனியில் வேர் பிடிக்காது. குடும்பப் பெயர் ஒன்று, ஊர் வேறு. தடவுவது வேண்டாம், வீட்டுத் தயிரில் ஈஸ்டும் இருக்கலாம்.

கடையில் விற்கும் புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா அடங்கிய) காப்ஸ்யூல்களுக்கு ஆதாரம் முன்னும் பின்னுமாக இருக்கிறது. விலையைப் பார்த்தால் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். நம்பிக்கை தருவது வேறு ஒன்று: மனித யோனியிலிருந்தே எடுத்த கிரிஸ்பேட்டஸை, மெட்ரோனிடசோல் முடித்த பிறகு உள்ளே வைப்பது. 228 பெண்களிடம் நடந்து 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் நோய் திரும்பியது வெறும் தூள் வைத்தவர்களில் நூற்றுக்கு 45 பேருக்கு, பாக்டீரியா வைத்தவர்களில் 30 பேருக்கு. ஜெருசலேமில் ஐந்து பெண்களுக்கு, ஆரோக்கியமான பெண்களின் யோனித் திரவத்தையே மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நான்கு பேருக்கு நீண்ட நாள் குணம். 2019-ல் வந்த சேதி. மோர் ஊற்றிப் பால் உறைய வைப்பது மாதிரிதான், ஆனால் உறை மோர் யாரிடமிருந்து வருகிறது, அதில் வேறென்ன கிருமி இருக்கிறது என்று அத்தனையும் சோதிக்க வேண்டும். வீட்டில் முயற்சி செய்யும் விஷயமே இல்லை.

வெஜைனல் வாஷ், டெட்டால், வேப்பிலைத் தண்ணீர்?

உள்ளே எதுவும் வேண்டாம். கிருமிநாசினிக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா என்ற பாகுபாடு தெரியாது. உள்ளே பீய்ச்சிக் கழுவும் பழக்கம் உள்ள பெண்களுக்கு பி.வி. அதிகம் என்பது பல ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வெளிப்பகுதிக்கு வெறும் தண்ணீர் போதும். கழுவிய பின் ஈரத்தைத் துடையுங்கள், பருத்தி உள்ளாடை போடுங்கள், நம் ஊர் வெயிலில் லெக்கிங்ஸை நாள் முழுக்க மாட்டிக்கொண்டிருக்காதீர்கள். லாக்டிக் அமிலம் கலந்த வாஷ் வெளியில் போட்டால் கெடுதல் பெரிதாக இல்லை, பிரயோஜனமும் பெரிதாக இல்லை.

காப்பர்-டி போட்ட பிறகு வெள்ளைப்படுதல் அதிகமாகிவிட்டது.

சில ஆய்வுகளில் காப்பர்-டி போட்டவர்களிடம் பி.வி. கூடுதலாக இருந்தது. சோதித்து, இருந்தால் மருந்து எடுத்தால் போதும். அதற்காக உடனே எடுத்துவிட வேண்டியதில்லை.

கர்ப்பமாக இருக்கிறேன். குழந்தைக்கு ஏதாவது ஆகுமா?

கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் இருப்பதால் லாக்டோபேசில்லஸுக்கு நல்ல காலம். கூட்டம் பெரும்பாலும் நிலையாகவே இருக்கும். பி.வி. இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவ வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் அறிகுறியே இல்லாத எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் தேடிப் பிடித்து மருந்து கொடுத்தபோது குறைமாதப் பிரசவம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. ஆகவே வாடையோ எரிச்சலோ இருந்தால் சொல்லுங்கள், மருந்து உண்டு. ஈஸ்டுக்கு உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் ஏழு நாள். ஃப்ளுகோனசோல் மாத்திரையைக் கர்ப்பத்தில் தவிர்ப்பார்கள். பழைய சீட்டைக் காட்டி வாங்கிச் சாப்பிட்டுவிடாதீர்கள்.

மாதவிடாய் நின்று எட்டு வருடம் ஆகிறது. வறட்சி, எரிச்சல், அடிக்கடி நீர்க்கடுப்பு.

இந்த வயதுப் பெண்கள் ஜன்னலுக்கே வருவதில்லை, மகள்தான் வந்து கேட்பாள். மாவுச்சத்து நின்று, லாக்டோபேசில்லஸ் குறைந்து, குடலிலிருந்து வரும் ஈ.கோலை என்ற பாக்டீரியா யோனி வாசலில் முகாம் போடுகிறது. அங்கிருந்து சிறுநீர்ப்பைக்கு ஒரு எட்டு. 1993-ல் இஸ்ரேலில் 93 பெண்களிடம் நடந்த ஆய்வில் யோனியில் ஈஸ்ட்ரோஜன் க்ரீம் வைத்தவர்களிடம் லாக்டோபேசில்லஸ் திரும்பி வந்தது. மருந்தில்லாத வெறும் க்ரீம் வைத்தவர்களுக்கு நீர்க்கடுப்பு வருடத்துக்கு சராசரி ஆறு தடவை வந்தது, இவர்களுக்கு அரைத் தடவைதான். முப்பது வருடம் பழைய சேதி. இன்னமும் இவர்களுக்கு ஆன்டிபயாடிக் மேல் ஆன்டிபயாடிக் எழுதப்படுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் புற்றுநோய் மருத்துவரையும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாதவிடாய் நின்ற பின் ரத்தம் கலந்து பட்டால் அது வேறு விஷயம். அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

கல்யாணம் ஆகாத பெண். டெஸ்ட் எடுக்க முடியுமா?

முடியும். காது குடையும் பட்ஸ் அளவுள்ள மெல்லிய குச்சியில் பஞ்சு, கொஞ்சமே உள்ளே விட்டு எடுத்தால் போதும். கருவி போட வேண்டியதில்லை. நீங்களே தனி அறையில் எடுத்துத் தரலாம். "கல்யாணம் ஆகலையே, உனக்கு எப்படி வரும்" என்று யாராவது கேட்டால், ஈஸ்டுக்குத் தாலி அடையாளம் தெரியாது என்று சொல்லுங்கள்.

எப்போது உடனே போக வேண்டும்?

அடிவயிற்று வலியோடு காய்ச்சல், உறவின்போதோ இரண்டு மாதவிடாய்க்கு இடையிலோ ரத்தம், புண் அல்லது கொப்புளம், கர்ப்பத்தில் நீர் போல ஒழுகுவது. இவற்றுக்கு நாள் கடத்த வேண்டாம்.

டாக்டரிடம் போகும்முன் ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்யாமல் இருக்க வேண்டியவைதான் அதிகம். இரண்டு நாள் முன்பிருந்து உள்ளே க்ரீம், மாத்திரை வைக்காதீர்கள், உறவும் வேண்டாம். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்து வாருங்கள். ரத்தம் பட்டால் பி.எச். அளவு நம்ப முடியாததாகிவிடும். எப்போது தொடங்கியது, இதற்கு முன் என்னென்ன மருந்து என்று ஒரு துண்டுச் சீட்டில் குறித்து வாருங்கள். அப்புறம், டாக்டர் பார்க்கப் போகிறாரே என்று காலையில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படியே வாருங்கள். நாங்கள் பார்க்க வேண்டியதைத்தான் நீங்கள் வீட்டிலேயே கழுவி ஊற்றிவிடுகிறீர்கள்.